பூ கசங்காத அழுகை

ஐந்து வயது நிறையாத ஒரு குழந்தை, மணிக்கட்டு எலும்பில் விரிசலோடு, எவ்வளவு நேரம் அழாமல் உட்கார்ந்திருக்க முடியும்? அரை மணி நேரமா, இரண்டு மணி நேரமா? இரண்டு வருடமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். டாக்டரிடம் கேட்டேன். “அழாம இருந்துச்சா? நல்லா தெரியுமாம்மா?” என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். அந்த மதியம் என் மகளோடு இருந்தவர் ஒருவர்தான். அவருக்கும் தெரியாது. அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிச் சொன்னதும் நீங்கள் அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். நான் யாரிடம் சொன்னாலும் அப்படித்தான் ஆகிறது. பிள்ளையைக் கவனிக்காமல் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த பெண் என்று நினைத்துவிடுகிறார்கள். அது சரியில்லை. அவரைப் போல டிவி பார்த்த ஒருவரை நான் வேறு எங்கும் கண்டதில்லை. அதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது என்பதால்தான் எழுதுகிறேன். பெயரை எழுதப் போவதில்லை. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். என் மகள் யாழினி பெரியம்மா என்று கூப்பிட்டாள்.

விருத்தாசலத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு நேர் எதிர் வாசல் அக்காவுடையது. நடுவில் ஒரு ஆட்டோ போகிற அளவுக்குத்தான் சந்து. செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தவர். முழங்கால் வலியால் நிற்க முடியாமல் போகவே வேலையை விட்டிருந்தார். கணவர் முன்பே தவறிவிட்டார். மகன் திருப்பூரில்.

கம்பெனியில் அவருக்கு சரக்கு பிரிக்கிற வேலை. சூளையில் வெந்து வந்த கப்புகளைக் கைக்கு ஒன்றாக எடுத்து ஒன்றோடொன்று லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் நல்ல சரக்கு. சத்தம் அமுங்கினால் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, அல்லது சரியாக வேகவில்லை. ஒதுக்கிவிட வேண்டியதுதான். அதற்குக் கண்ணே வேண்டாம் என்பார். உண்மையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு தட்டிக் காட்டியதை எங்கள் வீட்டு டம்ளர்களில் பார்த்திருக்கிறேன். எங்களிடம் இருந்த ஆறு பீங்கான் டம்ளர்களில் இரண்டைத் தனியாக எடுத்து வைத்தார். “இதுல சுடுதண்ணி ஊத்தாத.” அதில் ஒன்று அடுத்த மாதமே காபியோடு பிளந்தது.

அதே பழக்கத்தில்தான் டிவியும் பார்ப்பார். பார்ப்பார் என்று சொல்வதைவிடக் கேட்பார் என்று சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் சேரை டிவிக்குப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு, மடியில் முறத்தை வைத்துக் கீரை ஆய்ந்தபடி, ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் கொடுத்து உட்கார்ந்திருப்பார்.

“ஏங்க்கா, நேரா ஒக்காந்து பாக்கலாமில்ல?”

“பாக்கறதுல என்னா இருக்குது. கண்ணுல எதையாச்சும் ஊத்திவுட்டா எவளுக்கும் தண்ணி வரும். சத்தத்துல மாட்டிக்குவாளுவோ.”

அவருக்குப் பிடிக்காத காட்சி வந்தால் ஒரே ஒரு சொல்தான். “வேகல.” கோபமாகச் சொல்ல மாட்டார். கப்பை ஒதுக்கி வைக்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிடுவார். ஒரு நாள் ஒரு சீரியலில், கணவன் விபத்தில் இறந்துவிட்ட செய்தி கேட்டுக் கதாநாயகி கதறிக்கொண்டிருந்தாள். நான் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். அக்கா அபூர்வமாகத் திரும்பித் திரையைப் பார்த்தார்.

“புருசன் செத்துட்டான்னு அழுவுறவ தலைல கைய வச்சிக்கறதப் பாரு. பூவுக்கு இந்தாண்ட ஒரு கையி, அந்தாண்ட ஒரு கையி. பூ கசங்கக் கூடாதாம்.”

அதன்பிறகு எனக்கு அந்தப் பெண்ணின் தலையில் இருந்த மல்லிகைப் பூவைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. அப்படிச் செய்துவிடுவார். நான் அழத் தயாராக உட்கார்ந்திருந்த எத்தனையோ காட்சிகளை அவர் என்னிடமிருந்து பிடுங்கியிருக்கிறார். கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும். மறுநாளும் போய் அங்கேதான் உட்காருவேன்.

எல்லாவற்றையும் குறை சொல்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் எதையும் எதிர்பார்ப்பதில்லை. இவர் ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்தார். புது சீரியல் திங்கட்கிழமை ஆரம்பிக்கிறது என்றால் அன்று சீக்கிரமே சமையலை முடித்து, குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு உட்காருவார். முதல் வாரம் யாராவது குறை சொன்னால் சண்டைக்கு வருவார். “இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கான். பொறுங்கடி.” இரண்டாவது வாரம் சேர் பக்கவாட்டில் திரும்பும். மூன்றாவது வாரம் அந்த நேரத்துக்கு டிவி அணைந்திருக்கும். கேட்டால் பதில் சொல்ல மாட்டார். ஒரு தடவை தெருப் பெண்கள் எல்லாம் சேர்ந்து சினிமாவுக்குப் போனோம். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொன்ன படம். இடைவேளைக்குப் பிறகு அக்காவின் சீட் காலி. படம் விட்டு வெளியே வந்தால், தியேட்டர் வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருக்கிறார், முழங்காலை ஒரு கையால் பிடித்தபடி.

“உள்ளேயே ஏசியில ஒக்காந்திருக்கலாமில்லக்கா?”

“எப்படிடி ஒக்கார்றது. செத்துப்போனவன் அடுத்த சீன்ல மூச்சு வுடறான். வயிறு ஏறி எறங்குது. எடுத்தவன் ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்க மாட்டானா?”

அவர் மிகவும் உடைந்து போனது ஒரே ஒரு சீரியலில்தான். அதன் கதாநாயகி செராமிக் கம்பெனியில் வேலை செய்கிற பெண் என்று விளம்பரம் வந்தது. எங்கள் சந்தில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் பேட்டையில் வேலை பார்க்கிறவர். நம்ம கதை வருகிறது என்று ஒரே பேச்சு. முதல் நாள் அக்கா வீட்டில் ஏழெட்டுப் பெண்கள். அக்கா அன்று சேரை நேராகப் போட்டிருந்தார். முறமும் இல்லை.

கதாநாயகி வந்தாள். பேட்டையில் வேலைக்குப் போகிற பெண்கள் புடவைக்கு மேல் பழைய சட்டையைப் போட்டு, தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் இமையிலும் வெள்ளை மண் படிந்திருக்கும். இவளுக்கோ நகை, நெற்றியில் சுருட்டிவிட்ட முடி, பளபளவென்று ஒரு புடவை. சூளைக் கதவைத் திறக்கிறாள். உள்ளே நெருப்பு எரிகிறது. அந்த நெருப்புக்குள் வெறும் கையை விட்டு ஒரு கப்பை எடுத்து, கன்னத்தில் வைத்துச் சிரிக்கிறாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒவ்வொருவராகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா எழுந்து டிவியை அணைத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. இந்த ஊருல எத்தினி பொம்பளைவோ இருக்கோம். எவகிட்டயாவது ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டோமா?”

சிரிப்பு நின்றுவிட்டது. நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தோம். இரண்டு நாள் அக்கா வீட்டில் டிவி சத்தம் கேட்கவில்லை. ஒரு சீரியலுக்காக ஒருவர் இவ்வளவு வருத்தப்பட முடியும் என்பது எனக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

நான் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வீட்டுக்காரர் நெய்வேலிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறார். மாமியார் கருவேப்பிலங்குறிச்சியில் நிலத்தை விட்டு வர மாட்டார். யாழினிக்கு இரண்டரை வயதானபோது நான் மறுபடி வேலைக்குப் போக வேண்டியிருந்தது. குழந்தைகள் காப்பகம் ஒன்றைப் போய்ப் பார்த்தேன், இன்னொன்றையும் பார்த்தேன். இரண்டு இடத்திலும் ஏதாவது ஒன்று பயமாக இருந்தது. ஒன்றில் கொக்கி இல்லாத கதவு, இன்னொன்றில் தண்ணீர்த் தொட்டி. அக்காதான் ஒரு நாள் சந்தின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். “ஏன், எங்கிட்ட வுட்டா என்னா? நான் கடிச்சிடுவனா?”

நல்ல முடிவு என்று நினைத்தேன். நல்ல முடிவுதானா என்று அன்றிலிருந்தே யோசித்தும் வந்தேன். எனக்கு அப்படித்தான். கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். ஆனால் யாழினி அவரிடம் நன்றாக இருந்தாள். நேரத்துக்குச் சாப்பிட்டாள். மொபைல் கேட்டு அடம் பிடிப்பது நின்றுவிட்டது. முக்கியமாக, கடைகளில் பொருள் கேட்டுத் தரையில் விழுந்து புரண்டு அழுவது நின்றுவிட்டது. எப்படி என்று ஒரு சனிக்கிழமை பார்த்தேன். பிஸ்கட் பாக்கெட்டுக்காக யாழினி வாயைப் பெரிதாகத் திறந்து அழ ஆரம்பித்தாள். அக்கா கீரையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், வளைந்த விரலால் அவள் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். காதை அருகில் கொண்டுபோனார்.

“சத்தம் சரியில்லியே. வேகலடி. போ, நல்லா வேகவச்சி எடுத்துக்கிட்டு வா.”

யாழினி அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பெருமையாகச் சொன்னேன். பள்ளியில் ஆசிரியர் அறையில்கூடச் சொன்னேன். இதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டில் அவள் சிணுங்கினால் நானும் தட்டிப் பார்த்து “வேகல” என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

பிறகு ஒரு துக்க வீடு. மாமியார் வழியில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். நடுக்கூடத்தில் பெண்கள் ஒருவரையொருவர் தோளில் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். இறந்தவரின் தம்பி மனைவி வந்து சேர்ந்து, வாசலிலிருந்தே குரலெடுத்து அழுதபடி உள்ளே வந்தார். எல்லோரும் ஒரு நொடி ஓய்ந்து மூச்சு வாங்கிய நேரத்தில் என் மடியிலிருந்து யாழினியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“அம்மா, இந்த ஆயா அழுவுறது வேகல.”

பக்கத்தில் இருந்த அம்மாள் “என்னா சொல்லுது புள்ள?” என்று கேட்டார். நான் வாயைப் பொத்துவதற்குள் யாழினி அவருக்கு விளக்கிவிட்டாள். “பொய்யா அழுவுறாங்க. சத்தம் மட்டும் வருது.”

மாமியார் என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றியிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அவர் சொன்னார், “புள்ள வளக்கறியா, இல்ல ஜட்ஜி வேலைக்கி ஆளு தயார் பண்றியா?” யாழினி முதுகில் நான் ஒரு அடி வைத்தேன். அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். அடித்தது தப்பு என்று நினைத்தேன். அடிக்காமல் விட்டிருந்தால் அதுவும் தப்பு என்று நினைத்திருப்பேன். அவள் ஏன் அழவில்லை என்று மட்டும் நினைக்கவில்லை.

நேராக அக்காவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்.

“பாப்பா சொன்னது தப்பா?”

அந்தப் பெண் இறந்தவரோடு நிலத்தகராறில் பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர் என்பது உறவில் எல்லோருக்கும் தெரியும்.

“தப்பில்லன்னா அப்பறம் ஏன் அடிச்ச?”

“அதுக்குன்னு எடம் இருக்குதில்லக்கா. சாவு வூட்டுல அத்தினி பேருக்கு முன்னாடி...”

“அது சரிதான். எடம் பாத்து சொல்லணும்னு நான் சொல்லித் தரல. அது எந்தப்புதான்.” சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “சத்தம் மட்டும் வருதுன்னு சொன்னாளா? அப்படியேவா சொன்னா?”

கோபமாகப் போன நான் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். அன்றைக்கு நிறுத்தியிருந்தால் என்று இன்றுவரை எத்தனை முறை நினைத்திருப்பேன்.

அது நடந்து இரண்டு மாதம் இருக்கும். வெயில் காலம். பள்ளி விட்டு, பஸ் கிடைக்காமல், ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் சந்துக்குள் நுழைந்தேன். அக்கா வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது சேர்தான். டிவிக்கு நேராகப் போட்டிருந்தது. அக்காவின் கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. அத்தனை வருடத்தில் டிவி பார்த்து அவர் அழுது நான் கண்டதே இல்லை. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“வா, வா. சத்தம் போடாம ஒக்காரு. கடைசி கொஞ்சூண்டு இருக்குது.” குரல் கம்மியிருந்தது. “இத்தினி வருசத்துல இப்பத்தான் ஒருத்தன் ஒழுங்கா எடுத்துருக்காண்டி. ஒரு இடத்துலகூட பொய் இல்ல.”

திரையில் ஒரு அப்பாவும் மகளும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. நான்கூட ஒரு கணம் நின்று பார்த்தேன். எத்தனை கணம் என்று சரியாகத் தெரியவில்லை. பிறகுதான் கீழே பார்த்தேன். சேரின் காலோரத்தில், பாயில், யாழினி சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை மடியில் இருந்தது. மணிக்கட்டு வீங்கி, தோல் மினுமினுவென்று இருந்தது. முகத்தில் கண்ணீர்க் கோடு காய்ந்து போயிருந்தது. அழுதுகொண்டிருந்த பெரியவரையும் அழாமல் இருந்த குழந்தையையும் ஒரே பார்வையில் பார்த்த அந்த நேரம் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கையில் இருந்த பையைக் கீழே போட்டதுகூட எனக்குத் தெரியவில்லை.

“என்னாடி ஆச்சு? யாழினி, என்னாடி?”

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். “பின்னாடி தொவைக்கற கல்லுகிட்ட வுழுந்துட்டேன்.”

“எப்படி? பெரியம்மாகிட்ட சொல்லலியா?”

“சொன்னேன். அழுதேன். வேகல, போடின்னாங்க. அப்பறம் போயி திரும்ப சரியா அழுதேன். அப்பவும் வேகலன்னாங்க. அப்பறம் எனக்கு வரல.”

அக்கா எழுந்து நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது. குனிந்து அந்தக் கையைத் தொட வந்தார். நான் குழந்தையை இழுத்துக்கொண்டேன். படத்தின் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. எப்போது விழுந்தாள் என்று கத்தினேன். “படம் ஆரம்பிச்சி... இல்ல, நடுவுல வெளம்பரம் வந்துச்சே, அப்ப...” என்று ஏதோ சொல்ல வந்து அவரால் முடியவில்லை. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

எக்ஸ்ரேயில் விரிசல் என்றார்கள். மாவுக்கட்டு போட்டார்கள். கட்டு போடும்போது யாழினி உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் “எவ்ளோ தைரியமான பாப்பா” என்றார்.

மறுநாள் காலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசற்படியில் ஒரு கையை நிலையில் ஊன்றி நின்றார். மாமியாரும் வந்திருந்தார். அக்கா குழந்தையின் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வறண்டு கிடந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அழுவார் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மாமியார் என் காதில் படும்படி சொன்னார், “கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வருதா பாரு.” அதுதான் என்னைத் தூண்டியதா, அல்லது நானாகவே சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

“டிவியில வர்றவங்களுக்கு அழத் தெரியுது. எம்புள்ளைக்கு ஒரு சொட்டு வரலியாக்கா உங்களுக்கு?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் தனக்குள்ளே தேடிப் பார்ப்பது போல நின்றார்.

“வரலம்மா. என்னா பண்ணட்டும். வரல.”

அவ்வளவுதான். திரும்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சந்தைத் தாண்டிப் போனார். இவ்வளவு கல் நெஞ்சா என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். சந்தில் யாரும் அவரிடம் முன்போல் பேசவில்லை. அதற்கு நானும் காரணம். ஒன்றரை மாதம் கழித்து, பெண்ணாடத்தில் இருக்கிற தங்கை வீட்டுக்கே போய்விட்டார். சாமான்களை டெம்போவில் ஏற்றும்போது நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கதவைத் திறக்கவில்லை. அன்று யாழினிக்குக் காய்ச்சல் என்று அவளை வெளியே விடவில்லை. உண்மையில் காய்ச்சல் இல்லை.

பல மாதங்களுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று வாசற்படியில் நான் எதற்காகக் காத்திருந்தேன்? அவர் ஓடி வந்து, குழந்தையின் காலடியில் விழுந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் என்று. அப்படி அழுதிருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேன். அந்த அழுகை அவருக்கு வராது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், அந்தச் சந்திலேயே. உண்மையாகவே இடிந்துபோன ஒருவர் எப்படி நிற்பார் என்று நான் பார்த்ததே இல்லையோ என்னவோ. அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. குழந்தை இரண்டு முறை வந்து சொல்லியிருக்கிறாள். ஒரு முறை திரும்பிப் பார்த்திருக்கலாம். இப்படி இரண்டு பக்கமும் நானே பேசி நானே களைத்துப் போகிறேன்.

போன மாதம் வரை, இது முடிந்துபோன விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். யாழினிக்கு ஏழு வயது நடக்கிறது. கை நன்றாகிவிட்டது. வகுப்பில் முதல் மூன்று பேரில் வருகிறாள். அமைதியான பிள்ளை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலை வாரும்போது காதோரம் சீப்பு பட்டது. அவள் உடம்பு தூக்கிப் போட்டது. சத்தம் வரவில்லை. காதைப் பார்த்தேன். உள்ளே சீழ். தலையணை உறையில் மஞ்சள் கறை. டாக்டர், நான்கைந்து நாளாகவாவது வலித்திருக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து மடியில் உட்கார வைத்துக் கேட்டேன். “ஏண்டா கண்ணு அம்மாகிட்ட சொல்லல?”

“எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன்.”

“இதுல யோசிக்க என்னா இருக்குது. காது வலிக்குதுன்னு சொல்லணும்.”

“சொல்லிப் பாத்தேம்மா. பாத்ரூமுல கண்ணாடிகிட்ட. நல்லா வரல.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நெசமாவே வலிக்குதான்னு எனக்கே தெரியல. பெரியம்மா இருந்தா கரெக்டா சொல்லியிருப்பாங்க” என்றாள்.

அம்மா உன்னை எப்போதும் நம்புவேன் என்று பிறகு பலமுறை சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆனால் ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கடுத்த வாரம் அவள் மாடிப்படியில் கால் இடறி, “அம்மா” என்று கூப்பிட்டாள். ஓடுவதற்கு முன் ஒரு நொடி நின்று அந்தக் குரலைக் கேட்டேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நின்றதை அவளும் பார்த்துவிட்டாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “கொழந்த மறந்துடும், நீதான் மறக்க மாட்டேங்கற” என்கிறார். மாமியாரிடம் சொல்லவில்லை. பள்ளியில் மனநல ஆலோசனைக்கு வருகிற அம்மாவிடம் போகலாமா என்று இரண்டு முறை அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

யாழினி முழுப்பரீட்சை லீவில் பெண்ணாடம் போக வேண்டும் என்கிறாள். பெரியம்மாவைப் பார்க்க வேண்டுமாம். அதிகம் கேட்பதில்லை. இரண்டு முறைதான் கேட்டாள், அதுவும் மெதுவாக. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அக்காவின் தங்கை வீடு எந்தத் தெரு என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அவரைப் பார்த்து நான் பேச வேண்டியதும் இருக்கிறது. ஆனால் அங்கே போய் இவள் தன் வலியை அவரிடம் சொல்லிக் காட்டி, இது உண்மையா என்று கேட்டுவிட்டால்? உண்மைதான் என்று அவர் சொன்னால், இனிமேல் ஒவ்வொரு வலிக்கும் அவரைத் தேடுவாள். அவர் ஒன்றும் சொல்லாமல், அன்று வாசற்படியில் நின்றது போல நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அழைத்துப் போகாவிட்டாலோ, இவள் யாரிடமும் எதையும் சொல்லாத பெண்ணாகவே வளர்ந்துவிடுவாளோ என்று இருக்கிறது.

பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். சின்ன வயதில் இப்படி வலியை மறைத்து வளர்ந்தவர்களும் ஒருவேளை இருப்பீர்கள். உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். நான் அவளை அழைத்துக்கொண்டு போகட்டுமா?